ஒன்று நின்றாலும் மற்றொன்று: கப்பலின் தானியங்கிக் கட்டுப்பாடு பற்றி வாசகர் கேள்விகள்

இம்மாதம் எமக்குக் கிடைத்த கடிதங்களில் பெரும்பாலானவை, கடலில் எஞ்சினோ சுக்கானோ பழுதடைந்தால் கப்பல் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதைப் பற்றியே அமைந்திருந்தன. ஆகவே இவ்விதழின் கேள்வி பதில் பகுதி முழுவதும் அப்பொருளுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: 2024 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பாலத்தை மோதிய ‘டாலி’ கப்பல் கொழும்புக்கு வரவிருந்ததாக அறிந்தோம். அவ்வளவு பெரிய கப்பலில் மாற்று ஏற்பாடு ஒன்றும் இருக்கவில்லையா? (க. த., வல்வெட்டித்துறை)

பதில்: இருந்தது, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தன. இந்த விபத்தை நாம் ஊன்றிப் படிக்க வேண்டியிருப்பதும் அதனாலேயே. ஏறத்தாழ 300 மீற்றர் நீளமுடைய அந்தக் கொள்கலன் கப்பல் 2024 மார்ச் 26 ஆம் திகதி அதிகாலை கொழும்பை நோக்கிப் புறப்பட்டுத் துறைமுகக் கால்வாய் வழியே வந்துகொண்டிருந்தபோது மின்சாரத்தை இழந்து, பிரான்சிஸ் ஸ்கொட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தின் மேல் வீதி திருத்திக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கப்பலில் நான்கு டீசல் மின்பிறப்பாக்கிகள் இருந்தன. அவற்றுக்குப் புறம்பாக அவசர மின்பிறப்பாக்கி ஒன்றும், உயர் அழுத்த மின்சாரத்தைத் தாழ் அழுத்தமாக மாற்றும் மின்மாற்றிகள் இரண்டும் இருந்தன.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை நடத்திய விசாரணை இறுதியில் ஒரு மெல்லிய கம்பியில் வந்து நின்றது. கம்பியை இனங்காண்பதற்காக அதன் நுனியருகே மாட்டப்பட்டிருந்த பெயர்ப்பட்டி தடுத்ததால், அந்தக் கம்பி இணைப்புப் பெட்டியின் வில் பிடிக்குள் முழுவதுமாக நுழைந்திருக்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சரியாகப் பொருந்தியிருப்பதாகவே தோன்றும். அந்த இணைப்பு விட்டுப்போனதும் மின்மாற்றியின் ஆளிகள் திறந்துகொண்டன. தாழ் அழுத்த மின்சாரம் நின்றது. சுக்கானை அசைக்கும் பம்பிகளும் பிரதான எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பிகளும் அத்துடன் நின்றன. குளிர்நீர் இல்லாமற்போனதை உணர்ந்த பிரதான எஞ்சின், தன்னைக் காத்துக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தபடி தானாகவே ஓய்ந்தது. இரண்டாவது மின்மாற்றி ஆயத்தமாக இருந்தபோதிலும், தானாக மாறும் முறையில் அன்றி ஆள் கைகொடுத்து மாற்றும் முறையில் விடப்பட்டிருந்தமையால், சில விநாடிகளில் நடந்திருக்கக்கூடிய மாற்றம் நடக்கவில்லை. மாலுமிகள் விரைந்து மின்சாரத்தை மீட்டனர். ஆனால் மின்பிறப்பாக்கிகளுக்கு எரிபொருள் ஊட்டுவதற்குப் பயன்பட்டுவந்த பம்பி, மின்சாரம் போய் வந்தால் தானாக மீண்டும் இயங்கும் வகையைச் சேர்ந்ததன்று. அதனால் எரிபொருள் அழுத்தம் குறைந்து, கப்பல் இரண்டாம் முறையும் இருளில் மூழ்கியது.

வீட்டுக் கிணற்றுக்கு இரண்டு மோட்டார் வாங்கி இரண்டையும் ஒரே ஆளியில் பொருத்திவிட்டால், ஆளி எரியும் அன்று இரண்டுமே நீர் இறைக்கமாட்டா. மின்பிறப்பாக்கி நான்கு என்று எண்ணிச் சொல்வதால் மட்டும் கப்பல் பாதுகாப்பானதாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எஞ்சினிலிருந்து சுக்கான் வரை மின்சாரமும் எண்ணெயும் நீரும் கட்டளையும் செல்லும் வழிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று, எந்த இடத்தில் எல்லாமே ஒரே புள்ளியைக் கடக்கின்றன என்று தேட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். அவசர மின்சாரத்தால் சுக்கானை ஓரளவு திருப்ப முடிந்தாலும், ஒரே புரொப்பெல்லர் கொண்ட கப்பலில் அது நின்றுவிட்டால் சுக்கானின் வலிமை பெரிதும் குறைந்துவிடும். புரொப்பெல்லர் பின்னோக்கித் தள்ளும் நீரோட்டம் சுக்கானின் முகத்தில் பட்டுத் திரும்புவதாலேயே கப்பல் விரைவாகத் திரும்புகிறது. உந்துதலையும் திருப்புதலையும் தனித்தனிப் பாதுகாப்புகளாகக் கருதுவது காகிதத்தில் சரியாக இருக்கலாம்; நீரில் அவை ஒன்றோடொன்று பிணைந்தவை.

கேள்வி: பல எஞ்சின்கள் கொண்ட பயணிகள் கப்பல்களில் இத்தகைய ஆபத்து இராதல்லவா? (சி. ம., நல்லூர்)

பதில்: குறைவு என்று சொல்லலாம், இராது என்று சொல்ல இயலாது. 2019 மார்ச் 23 ஆம் திகதி நோர்வேயின் ஹுஸ்டட்விக்கா கடற்பகுதியில், 1,373 பேருடன் சென்ற ‘வைக்கிங் ஸ்கை’ என்ற உல்லாசப் பயணக் கப்பல் கடும் புயலில் உந்துவிசை முழுவதையும் இழந்தது. அதன் நான்கு டீசல் மின்பிறப்பாக்கிகளில் ஒன்று பழுதுபார்ப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. மீதி மூன்றிலும், எஞ்சின் பாகங்கள் உராயாமல் காக்கும் மசகெண்ணெய்த் தொட்டிகளில் எண்ணெய் மட்டம் குறைவாக இருந்தது. கப்பல் பலமாக ஆடியபோது எண்ணெய் ஒரு பக்கமாகச் சரிந்தது, பம்பிகள் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சின, அழுத்தம் விழுந்ததும் எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே நின்றன. பாறைகளுக்கு ஒரு கப்பல் நீளத் தொலைவு வரை சென்ற பின்னரே எஞ்சினை மீட்க முடிந்தது. 479 பேர் உலங்குவானூர்திகளால் ஒருவர் பின் ஒருவராகத் தூக்கி எடுக்கப்பட்டனர்.

2010 ஜூலை 1 ஆம் திகதிக்குப் பின் கட்டப்படும் பெரிய பயணிகள் கப்பல்களில், ஓர் அறை தீக்கோ வெள்ளத்துக்கோ பலியானாலும் கப்பல் தன் சொந்த வலுவில் துறைமுகம் சேர வேண்டும் என்று சர்வதேச விதி கோருகிறது. மிக நல்ல விதி அது. ஆயினும் எண்ணெய் மட்டம் எல்லா எஞ்சின்களிலும் ஒரே பழக்கத்தின்படி ஒரே அளவாகக் குறைத்து வைக்கப்பட்டிருந்தால், அறைகளைப் பிரிக்கும் இரும்புச் சுவர் அங்கே என்ன செய்யமுடியும்? பொதுவான பழக்கமும் ஒரு பொதுவான பழுதுதான்.

கேள்வி: நடுக்கடலில் நங்கூரமிடாமல் ஒரே இடத்தில் நாட்கணக்கில் நிற்கும் கப்பல்கள் உண்டு என்கிறார்கள். சோழகக் காற்றும் நீரோட்டமும் இழுக்கும்போது அது எப்படி இயலும்? (அ. ஜெ., பருத்தித்துறை)

பதில்: அத்தகைய கப்பலொன்று எமக்கு மிக அருகிலேயே வந்து சென்றிருக்கிறது. 2011 ஆம் ஆண்டு மன்னார்ப் படுகையில் இயற்கை வாயு தேடித் துளையிட்ட ‘சிக்யூ’ என்ற ஜப்பானியக் கப்பல், 1,300 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தின் மேலே நங்கூரமின்றி நின்றே அந்த வேலையைச் செய்தது. டொராடோ, பரகூடா எனப் பெயரிடப்பட்ட கிணறுகளில் வாயு இருப்பது அவ்வாறே கண்டறியப்பட்டது. 210 மீற்றர் நீளமான அக்கப்பலின் அடியில், எத்திசையிலும் முழு வட்டமாகத் திரும்பக்கூடிய ஆறு திரஸ்டர்கள் இருக்கின்றன. திரஸ்டர் என்பது உந்துதலையும் திருப்புதலையும் ஒருங்கே செய்யும் புரொப்பெல்லர்த் தொகுதியாகும். அது உள்ள இடத்தில் தனியாகச் சுக்கான் தேவைப்படுவதில்லை. இம்முறையை டைனமிக் பொசிஷனிங் என்பர். கப்பலோட்டிகளின் வழக்கில் ‘டிபி’.

இதன் தொடக்கம் 1961 ஆம் ஆண்டு. பூமியின் மேலோட்டைத் துளைத்துப் பார்க்கும் ‘மோஹோல்’ திட்டத்துக்காக ‘கஸ் 1’ என்ற கப்பல் மெக்சிக்கோவின் குவாடலூப் தீவருகே 3,500 மீற்றர் அளவான ஆழத்தில் நிறுத்தப்பட்டது. அவ்வளவு ஆழத்துக்கு நங்கூரக் கயிறு போதாது என்பதால், திசை மாற்றக்கூடிய நான்கு புரொப்பெல்லர்களைக் கப்பலில் பொருத்தி, சுற்றிலும் மிதவைகளை இட்டு, அவற்றைப் பார்த்துப் பார்த்து ஒரு மாலுமி கையாலேயே கப்பலை இடத்தில் வைத்திருந்தார். அதே ஆண்டில் ‘ஷெல்’ நிறுவனத்தின் ‘யுரேக்கா’ என்ற சிறு கப்பலில், ஹவார்ட் ஷாட்டோ என்ற பொறியியலாளரின் முயற்சியால் அந்த வேலை தானியங்கிக் கருவியிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலடிக்கு இறுக்கமாக இறக்கப்பட்ட கம்பி எவ்வளவு சாய்கிறது என்பதை அளந்து, கப்பல் எவ்வளவு விலகியது என்று அக்கருவி அறிந்துகொண்டது.

நீங்கள் கேட்ட சோழகத்துக்கும் நீரோட்டத்துக்கும் இப்போது வருவோம். கணினி மூன்று அசைவுகளை மட்டுமே கட்டுப்படுத்துகிறது: முன்பின் நகர்வு, பக்கவாட்டு நகர்வு, முகம் திரும்புதல். மேலெழுந்து தாழ்வதையும் உருள்வதையும் அது தொடுவதில்லை. காற்றின் வேகத்தையும் திசையையும் கப்பலின் உயர்ந்த கம்பத்தில் உள்ள கருவிகள் அளப்பதால், காற்று திடீரென வலுத்தால் கப்பல் நகரத் தொடங்குவதற்கு முன்பே திரஸ்டர்கள் அதற்கு எதிராகத் தள்ளத் தொடங்கிவிடும். நீரோட்டத்தை அவ்வாறு நேரடியாக அளப்பதில்லை. கப்பலின் எடை, வடிவம், காற்று, திரஸ்டர்கள் தள்ளும் விசை ஆகியவற்றைக் கொண்டு கப்பல் எங்கே இருக்க வேண்டும் என்று கணினி முன்கூட்டியே கணக்கிடுகிறது; உண்மையில் எங்கே இருக்கிறது என்று அளவிகள் சொல்கின்றன; இரண்டுக்கும் இடையில் தொடர்ந்து எஞ்சிநிற்கும் வித்தியாசம் எதுவோ அதையே நீரோட்டம் என்று கொள்கிறது. இந்தக் கணக்குக்கு அடிப்படையாக உள்ளது, ருடொல்ஃப் கால்மன் என்ற பொறியியலாளர் 1960 இல் வெளியிட்ட, அளவீடுகளில் கலந்த பிழையைப் பிரித்தெடுக்கும் வடிகட்டல் முறை. நோர்வேயின் ட்ரொன்ட்ஹெய்ம் நகரில் யென்ஸ் பால்ஷன் என்ற பேராசிரியரும் அவரது மாணவர்களும் 1970களில் அதைக் கப்பலுக்குப் பொருத்தினர்.

அந்த வடிகட்டலின் அருமை அலைகளைக் கையாள்வதில் தெரியும். ஓர் அலை கப்பலை ஒரு பக்கம் தள்ளிச் சில விநாடிகளில் மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடும். அதை எதிர்த்து ஒவ்வொரு முறையும் திரஸ்டரை இயக்கினால் எரிபொருள் வீணாவதுடன் பற்சக்கரங்களும் தேய்ந்துபோகும். ஆகவே கணினி அலையின் ஆட்டத்தைப் போக விட்டு, அதனடியில் மெல்ல நிகழும் விலகலை மட்டும் பிரித்தெடுத்து அதற்கே விடை கொடுக்கிறது. இதே கணக்கின் உதவியால், இடம் காட்டும் கருவிகள் அனைத்தும் ஒருசேர மௌனித்தாலும் சில நிமிடங்களுக்குக் கப்பலை ஏறத்தாழ அதே இடத்தில் வைத்திருக்க முடியும்.

இடம் காட்டும் கருவிகளிலும் மாற்று வேண்டும். இரண்டு கருவிகள் இருந்து அவை முரண்பட்டால் எது பொய் சொல்கிறது என்று தெரியாது. மூன்று இருந்தால் இரண்டோடு ஒத்துவராத ஒன்றை ஒதுக்கலாம். ஆனால் அந்த மூன்றில் இரண்டு செய்மதியை நம்பியவையாக இருந்தால், செய்மதிச் சமிக்ஞை குழம்பும்போது இரண்டும் சேர்ந்தே ஒரே பொய்யைச் சொல்லும். உண்மை சொல்லும் மூன்றாவதே ஒதுக்கப்பட்டுவிடும். எமது பகுதிக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. புவிகாந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனைக்கும் இலங்கைக்கும் மிக அருகாற் செல்வதால், சூரியன் மறைந்த பின் மேல் வளிமண்டலத்தில் ஏற்படும் குழப்பம் செய்மதிச் சமிக்ஞைகளைத் துடிக்கச் செய்வது இங்கே உயர் அகலாங்குகளைவிட அதிகம். ஆகவே, இவ்வகைக் கடல்களில் வேலை செய்யும் கப்பல், கடலடியில் வைக்கப்பட்ட ஒலிக்கருவி போன்ற முற்றிலும் வேறு இயல்புடைய ஒன்றையும் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அத்தகைய கப்பல்களை முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று பிரிப்பதாக வாசித்தேன். இவற்றின் வேறுபாடு என்ன? (ஆசிரியை ஒருவர், சுண்டிக்குளி)

பதில்: சர்வதேச கடல்சார் அமைப்பு 1994 இல் வெளியிட்டு 2017 இல் புதுப்பித்த வழிகாட்டலின்படி, முதலாம் வகுப்புக் கப்பல் ஒரே ஒரு பழுதால் இடத்தை இழக்கலாம். இரண்டாம் வகுப்புக் கப்பலில் மின்பிறப்பாக்கி, திரஸ்டர், கணினி, ஆளிப் பலகை போன்ற இயங்கும் பாகங்களுள் எந்த ஒன்று செயலிழந்தாலும் கப்பல் இடம் பெயரக்கூடாது. மூன்றாம் வகுப்பு இன்னும் கடுமையானது. ஓர் அறை முழுவதும் தீக்கிரையானாலும் நீரில் மூழ்கினாலும் கப்பல் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அதற்காக எஞ்சின் அறைகளும் மின்கம்பிப் பாதைகளும் தீத்தடுப்புச் சுவர்களால் பிரிக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவும் கட்டுமானம் பற்றியது. நடத்தும் முறை பற்றியது இதைவிட முக்கியம் என்று நான் கருதுகிறேன். இரண்டு அறைகளில் இரண்டிரண்டாக நான்கு எஞ்சின்கள் கொண்ட கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அறை போனாலும் மற்ற அறை கப்பலைத் தாங்க வேண்டுமானால், சாதாரண வேளையில் ஒவ்வோர் அறையும் தன் வலுவில் பாதியளவுக்குக் கீழேயே வேலை செய்ய வேண்டும். காற்று வலுத்து, நான்கும் எழுபது எண்பது வீதத்தில் முழங்கிக்கொண்டிருந்தால், கப்பல் அசையாமல்தான் நிற்கும். ஆனால் அதன் சான்றிதழில் எழுதியிருக்கும் வகுப்பு அந்தக் கணத்தில் அதற்கு இல்லை. ஓர் அறை நின்றவுடன் மற்ற அறையும் சுமை தாங்காது விழும். இதனால் இரண்டாம், மூன்றாம் வகுப்புக் கப்பல்களின் கணினி, ‘இப்போது மிக மோசமான ஒற்றைப் பழுது நேர்ந்தால் இந்தக் காலநிலையில் நிற்க முடியுமா?’ என்று இடைவிடாது தனக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். முடியாது என்று தெரிந்தவுடன் எச்சரிக்கை ஒலிக்கும். அந்த ஒலி கேட்கும்போது பழுது எதுவும் நேர்ந்திராது. எல்லாம் ஒழுங்காகவே இயங்கிக்கொண்டிருக்கும். அப்படியிருந்தும் வேலையை நிறுத்தச் சொல்வதற்குப் பொறுப்பதிகாரிக்குத் துணிவு வேண்டும். அவ்வாறு நிறுத்துபவரைக் கடிந்துகொள்ளாத முதலாளியும் வேண்டும்.

எவ்வளவு மாற்றுகள் இருந்தாலும் அவற்றை ஆளும் கட்டளைப் பாதை குழம்பினால் என்னவாகும் என்பதை வடகடலில் 2012 செப்டெம்பர் 18 ஆம் திகதி நடந்த நிகழ்வு காட்டியது. ‘பிபி டோபாஸ்’ என்ற கப்பலின் கீழே, ஏறத்தாழ 90 மீற்றர் ஆழத்தில் நீர்மூழ்கிகள் இருவர் வேலை செய்துகொண்டிருந்தபோது, இடங்காக்கும் முறைமை செயலிழந்து கப்பல் காற்றோடு விலகத் தொடங்கியது. ஒருவருக்குச் சுவாச வாயுவும் வெந்நீரும் வெளிச்சமும் கொண்டுசென்ற குழாய் கடலடி இரும்புக் கட்டமைப்பில் சிக்கி அறுந்தது. முதுகில் இருந்த அவசர வாயு சில நிமிடங்களுக்கே போதுமானது. கப்பல் மீண்டும் கட்டுப்பாட்டுக்குள் வந்து சக நீர்மூழ்கி அவரை அடைவதற்குள் அரை மணி நேரம் கடந்துவிட்டது. அவர் உயிர் தப்பியது அதில் ஈடுபட்ட அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது.

கேள்வி: சாதாரண சரக்குக் கப்பலில் சுக்கான் ஒன்றுதானே இருக்கிறது? அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? (வே. இ., காரைநகர்)

பதில்: சுக்கான் தகடு ஒன்றாக இருக்கலாம், அதை அசைக்கும் பொறி ஒன்றாக இருக்கக்கூடாது. ‘சோலாஸ்’ எனப்படும், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின்படி, பிரதான பொறி சுக்கானை ஒரு பக்கம் 35 பாகையிலிருந்து மறுபக்கம் 30 பாகைக்கு, கப்பல் முழு வேகத்தில் செல்லும்போது, 28 விநாடிக்குள் கொண்டுவர வேண்டும். துணைப் பொறி, முழு வேகத்தின் பாதி அல்லது மணிக்கு 7 கடல் மைல் ஆகிய இரண்டில் எது கூடுதலோ அந்த வேகத்தில், ஒரு பக்கம் 15 பாகையிலிருந்து மறுபக்கம் 15 பாகைக்கு 60 விநாடிக்குள் அசைக்க வேண்டும். ஒரே மாதிரியான வலுத்தொகுதிகள் இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்து, பழுதடைந்த பகுதியை வெட்டிப் பிரித்துவிட்டு மற்றதால் தொடரக்கூடியதாயின், தனித் துணைப்பொறி தேவையில்லை.

‘வெட்டிப் பிரிக்கக்கூடியதாயின்’ என்ற நிபந்தனைக்குப் பின்னால் பெருந்துயரம் ஒன்று இருக்கிறது. 1978 மார்ச் 16 ஆம் திகதி காலை, பிரான்சின் பிரிட்டனிக் கரைக்கு அப்பால் சென்ற ‘அமோக்கோ காடிஸ்’ என்ற எண்ணெய்க் கப்பலில், சுக்கான் பொறியின் ஐதரோலிக் குழாய் இணைப்பு முறிந்து எண்ணெய் பீறிட்டு வெளியேறியது. சுக்கான் கட்டுப்பாடின்றி அங்குமிங்கும் அடிபடத் தொடங்கியது. இழுவைக் கப்பல் வந்தும் பயனில்லாது அன்று இரவு அது போர்ட்சால் பாறைகளில் ஏறியது. ஏறத்தாழ 220,000 தொன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. 10,000 தொன்னளவுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கப்பல்களில் ஒற்றைப் பழுதால் சுக்கானை இழந்தால் 45 விநாடிக்குள் அது மீட்கப்பட வேண்டும் என்ற விதி அதன் பின்னரே வந்தது.

விதி அவ்வளவில் நிற்பதில்லை. புறப்படுவதற்கு முந்திய 12 மணித்தியாலத்துக்குள் சுக்கான் பொறி முழுமையாகச் சோதிக்கப்பட வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாவது அவசரச் சுக்கான் பயிற்சி நடைபெற வேண்டும். அந்தப் பயிற்சியை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் பெறுமதி விளங்கும். கப்பலின் பின்புறத்து அடித்தட்டில், எஞ்சின் அதிர்வால் பேச்சுக் கேட்காத அறையில், ஒருவர் காதுகளை மூடிய தொலைபேசியோடு நிற்பார். மேலே கட்டுப்பாட்டறையிலிருந்து ‘வலது பத்து’ என்று வரும் கட்டளையைத் திரும்பச் சொல்லி, மின்கட்டளை இல்லாமலே பம்பியின் வால்வை விரலால் நேரடியாக அழுத்துவார். புயத்தின் அளவு தடிமனான உருளைத் தண்டு மெல்ல வெளியே வரும். அதனுடன் சுக்கானின் தலை திரும்பும். அருகிலுள்ள அளவுத்தட்டில் முள் பத்தைத் தொட்டவுடன் விரலை எடுக்க வேண்டும். அரை விநாடி தாமதித்தால் முள் பன்னிரண்டுக்குப் போய்விடும். கணினிகள் யாவும் தோற்றாலும் இறுதியில் எஞ்சுவது இந்த விரலும் இந்தத் தொலைபேசியும்தான்.

கேள்வி: பாக்குநீரிணையில் செல்லும் கப்பல்கள் தானியங்கிச் சுக்கானில் ஓடலாமா? இரவில் எங்கள் வலைகளை அறுத்துச் செல்வதற்கு அதுதான் காரணமா? (ந. பி., நெடுந்தீவு)

பதில்: வலை அறுபடுவதற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றுள் இதுவும் ஒன்றாக இருக்கலாம். தானியங்கிச் சுக்கான் திசையைப் பிடித்துவைத்திருக்கும். கண்ணால் எதையும் பார்ப்பதில்லை. ரஷ்யாவிற் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நிக்கொலாஸ் மினோர்ஸ்கி, அனுபவமுள்ள சுக்கான்காரர் விலகலின் அளவை மட்டுமன்றி, அது எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பதையும், எவ்வளவு நேரமாக நீடிக்கிறது என்பதையும் சேர்த்தே கணிக்கிறார் என்பதை 1922 இல் கணிதமாக எழுதிக் காட்டினார். இன்றும் பெரும்பாலான தானியங்கிச் சுக்கான்களின் உட்கணக்கு அதுவே.

கப்பல் நெருக்கம் மிகுந்த இடத்திலும், பார்வைத் தூரம் குறைந்த வேளையிலும், ஆபத்தான எந்தக் கடற்பகுதியிலும் உடனடியாகக் கையாட்சிக்கு மாறக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சோலாஸ் விதிக்கிறது. நீண்ட நேரம் தானியங்கியில் ஓடிய பின் கைச்சுக்கான் சோதிக்கப்பட வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. 1967 மார்ச் 18 ஆம் திகதி இங்கிலாந்தின் தென்மேற்கே ‘டொரி கனியன்’ எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதுவதற்கு முந்திய இறுதி நிமிடங்களில், சுக்கான்காரர் சக்கரத்தைத் திருப்பியும் கப்பல் திரும்பவில்லை. தெரிவு நெம்புகோல் கைச்சுக்கான் நிலையில் இருக்கவில்லை. சிறு வள்ளங்களும் வலைகளும் நிறைந்த உங்கள் கடலில், தானியங்கியை விலக்கி, சுக்கானில் ஓர் ஆளும் முன்னே காவலுக்கு ஓர் ஆளும் நிறுத்துவதே கப்பலோட்டியின் கடமை.

கேள்வி: உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். இத்துறைக்குச் செல்ல வழி என்ன? (மாணவி, கொக்குவில்)

பதில்: இரண்டு வழிகள் உண்டு. கப்பலிலேயே பணியாற்ற விரும்பினால், மாலபேயிலுள்ள சினெக் போன்ற கடல்சார் பயிற்சி நிறுவனத்தில் கப்பலோட்டுநர் அல்லது கடற்பொறியியல் பயிற்சி பெற்று, தகைமைச் சான்றிதழ் பெற்ற பின், டிபி இயக்குநருக்கான பயிற்சியையும் கடற்சேவையையும் மேற்கொள்ளலாம். கருவியை வடிவமைக்க விரும்பினால் மின், இலத்திரனியல் பொறியியல் பொருத்தமானது; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. எவ்வழியாயினும் வகையீட்டுச் சமன்பாடுகளையும் நிகழ்தகவையும் இப்போதே நன்றாகப் படித்து வையுங்கள்.

கேள்வி: எங்களுடைய சிறிய படகில் ஓர் எஞ்சின்தான். நடுக்கடலில் நின்றால் எல்லை தாண்டி இழுபட்டுவிடுவோமோ என்ற அச்சம் எப்போதும் இருக்கிறது. பெரிய கப்பல்களின் இந்த ஏற்பாடுகளில் எங்களுக்கு உதவக்கூடியது ஏதும் உண்டா? (அ. செ., குருநகர்)

பதில்: உண்டு. சிறிய குதிரைவலுவுள்ள இரண்டாவது வெளியிணைப்பு எஞ்சின் ஒன்றை வாங்க முடியுமானால் வாங்குங்கள். ஆனால் அதற்கு எண்ணெய்க் கலன் வேறாக இருக்கட்டும். நின்றுபோகும் எஞ்சின்களில் மண்ணெண்ணெயில் நீர் கலந்திருந்ததால் நின்றவை பல. அதே கலனிலிருந்து இரண்டாவது எஞ்சினுக்கும் குழாய் இழுத்திருந்தால் அதுவும் அதே நீரைக் குடித்து நிற்கும். இயலுமானால் இரண்டு கலன்களையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிரப்பாதிருங்கள். நீர் பிரிக்கும் வடி ஒவ்வொன்றுக்கும் தனியாக வேண்டும். தொலைத்தொடர்புக் கருவிக்கும் விளக்குக்கும் ஒரே பற்றரியை நம்பாமல், கைத்தொலைபேசியையும் கைவிளக்கையும் நீர் புகாத பையில் வேறாக வையுங்கள்.

இரண்டாவது எஞ்சின் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் ஒரு நல்ல மாற்று இருக்கிறது. பாக்குக்குடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. மன்னார்ப் படுகையில் நின்ற பெருங்கப்பலுக்குப் பயன்படாத நங்கூரம் உங்களுக்குப் பயன்படும். ஆழத்தைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாத கயிற்றுடன், முன்னணியத்திலேயே கட்டி ஆயத்தமாக வைத்திருந்தால், எஞ்சின் நின்ற சில நிமிடங்களில் இழுபடுவதை நிறுத்தலாம். மீன்பெட்டிகளுக்கு அடியில் புதைந்து கிடக்கும் நங்கூரம் அந்த நேரத்தில் கைக்கு வராது.

இரண்டாவது எஞ்சின் இருந்தால், நல்ல காலநிலையுள்ள ஒரு நாளில் பெரிய எஞ்சினை நிறுத்திவிட்டு, சிறியதால் மட்டும் காற்றுக்கு எதிராகக் கரைக்கு வந்து பாருங்கள். எவ்வளவு நேரம் சென்றது, எவ்வளவு எண்ணெய் முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சோழகக் காலத்தில் எவ்வளவு தூரம் வெளியே செல்லலாம் என்பதைப் பெரிய எஞ்சினின் வலுவைக் கொண்டு தீர்மானிக்காமல், அந்தக் குறிப்பைக் கொண்டே தீர்மானியுங்கள்.